பூசணி படர்ந்த மூலை

கீரை விதையைத் தூவும்போது கொஞ்சம் மணல் கலந்துகொள்ள வேண்டும், மேடம். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைத்து எதுவும் தேறாது. இது தெரியாமல் முதல் பாத்தியை நான் வீணாக்கினேன். மாசி மாதம், சிவராத்திரி முடிந்த வாரம். பனி விட்டு வெயில் லேசாக உறைக்க ஆரம்பித்திருந்தது. ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்லும், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வந்து படியும் தூசியும்தான். செம்மண்ணும் ஆட்டெருவும் டெம்போவில் வரவழைத்துக் கொட்டச் சொன்னவள் என் மருமகள் ஷில்பா. விதைகளையும் அவள்தான் பங்காரப்பேட்டையில் வாங்கி வந்தாள். அதை நான் மறைக்கவில்லை. நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஜெயம்மா. வயது அறுபத்து மூன்று. என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எங்களுக்கு ஒரே பிள்ளை, மனோகர். விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போவான், இருட்டிய பிறகு திரும்புவான். பதினான்கு வருஷமாக அவனுக்கு டிபன் டப்பா கட்டுகிறவள் நான். கல்யாணமான பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. ஷில்பா கேட்டாள். "நீங்க தூங்குங்க அத்தே, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் எப்படி ஆரம்பித்தாள் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காக இதைச் சொல்கிறேன்.

வெண்டை போட்ட ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனோகர் விஷயத்தைச் சொன்னான்.

"பெங்களூர்ல வீடு ஒண்ணு பாத்துட்டேம்மா. ஜூன்ல போயிடலாம்னு இருக்கோம். தினம் நாலஞ்சு மணி நேரம் ரயில்ல முடியல."

நான் பதில் சொல்வதற்குள் ஷில்பா முந்திக்கொண்டாள். "நீங்களும் வாங்க அத்தே. நீங்க வரலன்னா நானும் போவல."

மனோகர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் பிள்ளைக்கு என்னை விட்டுப் போகும் எண்ணம் தானாக வராது. அவன் வாயில் இந்தப் பேச்சை யார் வைத்திருப்பார்கள் என்று நான் யோசிக்க வேண்டியதே இருக்கவில்லை. ஒரு பெண் அவ்வளவு இனிமையாகப் பேசினால் அதற்குக் காரணம் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பூசணிக்குக் குழி எடுத்தேன். பின் சுவரோரம் உள்ள மூலை. கடப்பாரை இறங்கியபோது சத்தம் வேறு மாதிரி வந்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் வரிசையாகப் பலகைகள். வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டு, மரத்தைப் போட்டு மூடிவிட்டுப் போன குழி. இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றிரண்டு அகப்படும். இடுக்கு வழியாக ஒரு கல்லைப் போட்டேன். அது தரையில் விழுந்த சத்தம் தாமதமாகத்தான் மேலே வந்தது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆட்கள் வந்து மூடியிருப்பார்கள், என் பாத்திகளையும் மிதித்து நாசம் செய்திருப்பார்கள்.

ஓரத்துப் பலகைகள் உளுத்துப்போயிருந்தன. தட்டிப் பார்த்தால் சொல்லிவிடலாம், அதை என் வீட்டுக்காரர் எனக்குக் காட்டியிருக்கிறார். நடுவில் மூன்று மட்டும் கெட்டியாக இருந்தன. அந்த மூன்றையும் எடுத்து அவரைப் பந்தலுக்குக் காலாக நட்டேன். அவை இருந்த இடத்தில் குச்சிகளைப் பரப்பி, சாக்கு விரித்து, மேலே மெல்லிசாக மண் போட்டேன். சுவரோரத்தில் பூசணி விதையை ஊன்றினேன். கொடி அந்தப் பக்கம் ஓடும்படி நானே அவ்வப்போது திருப்பிவிட்டேன். பூசணி முற்ற மூன்று மாதம் ஆகும். எனக்கு அவசரம் இருக்கவில்லை.

தோட்டம் நன்றாக வந்தது. அரைக்கீரை இரண்டு தடவை அறுத்தோம். ஷில்பா தினமும் காலையில் வந்து ஒவ்வொரு செடியையும் போட்டோ எடுப்பாள். பங்குனியில் ஒருநாள் பூசணிப் பூவைப் பார்க்கப் போனவள் அந்த மூலையில் கால் வைக்க இருந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்கு ஞாயிறு, மனோகர் வீட்டில் இருந்தான். "கொடிய மிதிச்சிருப்பேன், அத்தேதான் புடிச்சாங்க" என்று பக்கத்து வீட்டு மரியாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மனோகர் வேலைக்குப் போய்விட்டான். பத்து மணி இருக்கும். நான் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த மூலையில இருக்கிற காய் முத்திடுச்சும்மா. அறுத்துகினு வா. எனக்கு முட்டி வலி" என்றேன்.

அவள் போனை அலமாரியில் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். மீதி அரிசியையும் பொறுக்கிவிட்டுத்தான் எழுந்தேன்.

"அத்தே, கால் ஒடிஞ்சிருக்கும் போல கீது. யாரையாச்சும் கூப்புடுங்க."

அந்தக் குரலில் பயமே இல்லை, மேடம். மேலே நான் இருக்கிறேன் என்ற தைரியம். "இரும்மா" என்றேன். வேறு யாரும் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு தகரத்தை இழுத்து மேலே போட்டேன். உள்ளே வந்து அவள் போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் வைத்தேன். டிவியைச் சத்தமாக வைத்தேன்.

மனோகர் வந்ததும், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவன் போன் போட்டான். அங்கே வரவில்லை என்றார்கள். அதன் பிறகு அவன் வீட்டில் தங்கவில்லை. மறுநாள் முழுக்க ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், உங்கள் ஸ்டேஷன் என்று அலைந்தான். சாப்பிடக்கூட வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த மறுநாள் காலை செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது, தாகமாக இருக்கிறது என்று அவள் சொன்னது கேட்டது. அந்த மூலைக்கு இரண்டு வாளி அதிகமாகவே ஊற்றினேன். பிறகு அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"பெங்களூர் போறது என் யோசனை இல்ல அத்தே. அவருதான் பிடிவாதம். உங்கள தனியா வுட்டுட்டு வரமாட்டேன்னு நான் சண்டை போட்டுகினு இருக்கேன். அவர வேணா கேளுங்க."

குழிக்குள் கிடப்பவர்கள் எதையும் சொல்வார்கள்.

"சரிம்மா, பேசாம படு" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மரியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "இன்னா ஜெயம்மா, யார்கிட்ட பேசினு இருக்கே?" என்றாள்.

"செடிகிட்டதான்" என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் குரல் வரவில்லை. நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மரியா மனோகரிடம் சொல்லியிருக்கிறாள், நான் தோட்டத்தில் யாரையோ படு என்று சொன்னதை. அவன் நேராகப் பின்பக்கம் போய்த் தகரத்தைத் தூக்கினான். ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஏம்மா?" என்றான்.

"உன்ன என்கிட்டேர்ந்து பிரிக்கப் பாத்தாடா" என்றேன்.

"வீடு பாத்தது நான்தாம்மா. உன்ன இங்கியே வுட்டுட்டுப் போலாம்னு சொன்னதும் நான்தான். அவதான் ஒத்துக்கல."

போனவள் மேல் பழி வரக் கூடாது என்று சொல்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளகின மனசு.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம். பலகைகளை எடுத்தவள் நான். சாக்கை விரித்தவள் நான். காய் அறுக்க அனுப்பியவளும், ஒரு நாளுக்கு மேல் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் இருந்தவளும் நான்தான். எல்லாம் தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

மனோகர் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கே போய்விட்டானாம், நேற்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். இந்தப் பதினெட்டு நாளில் ஒரு தடவைகூட அவன் என்னைப் பார்க்க வரவில்லை. பாருங்கள் மேடம், செத்தும் அவள் நினைத்ததைச் சாதித்துவிட்டாள்.