காலி மிஷினில் சந்தனம்

ராத்திரி ஒம்பது மணி இருக்குமுங்க. காரமடை தாண்டி ஒரு ஒத்தை ரோடு... ரெண்டு பக்கமும் சோளக்காடு. தெருவெளக்கு கெடையாது. ரோட்டுக் கடைசீல ஒரு ஆராய்ச்சிக்கூடம். உள்ள ஒரே ஆளு. நம்ம ரைஹானோட மச்சான், அஃப்தாப்.

நிதீஷு, கதை முடியற வரைக்கும் அந்த டார்ச்சை அமத்து. மூஞ்சீல அடிக்குது.

அங்க ஒரு மிஷினுங்க. மருந்தோ, தண்ணியோ, எதுல என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கறது. உள்ள காத்தே இருக்காது. பொருளை ஆவியாக்கி உள்ள உட்டு, லேசரால ஒரு தட்டு தட்டும். கண்ணைச் சிமிட்டற நேரத்தைக் கோடியாப் பங்கு போட்டு, அதுல ஒரு பங்கை மறுக்கா கோடியாப் பங்கு போடுங்க... அவ்வளவு பொடி நேரம். அணுக்கூட்டம் ஒடையறதுக்குள்ள முழுசாப் பறந்துருமாம். அதோட எடைக்குத் தக்கன திரையில ஒரு கோடு எந்திரிக்கும். லேசர் தட்டலைன்னா கோடே வராது. அதை வெச்சு இது இன்னதுன்னு சொல்லிருவாங்க.

அதனால வாசம் ஆகாதுங்க. செண்டு, தலையெண்ணெ, மல்லிப்பூ... எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது. தெனமும் மொதல்ல மிஷினைக் காலியா ஓட்டிப் பாக்கோணும். திரை தரை மாதிரிக் கெடக்கோணும்.

அன்னைக்கு ராத்திரி காலியா ஓட்டுனான். பம்பு டொக்கு டொக்குன்னு ஓடுது...

கோடு எந்திரிச்சிருச்சு. எடை எரநூத்தி இருவதுல. அது சந்தனமுங்க.

மோந்து பாத்தான். மூக்குக்கு ஒண்ணுமே தெரியல. மிஷினுக்கு மட்டுந்தான் தெரியுது.

அவங்கத்தா கலீல் ரஹ்மான், கோட்டைமேட்டுல சந்தன அத்தர் கடை. போயிச் சேந்து ஒரு மாசங்கூட ஆகல.

இங்கதானுங்க வெக்கக்கேடு. மகன் பெரிய மிஷின் ஓட்டறான்னு அவருக்கு ஒரு ஆசை, ஒருக்கா பாத்தரோணும்னு. சொல்லாம பஸ் ஏறி வந்துபோட்டாரு. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கை ஆட்டறாரு. இந்தப் பக்கம் அஃப்தாப், பெரிய மேடம் நந்திதா, கூட வேலை செய்யறவங்க எல்லாரும்.

"யாருங்க அஃப்தாப், உங்களைப் பாத்துத்தான் கை ஆட்டறாரு?"

"அத்தர் விக்கறவருங்க மேடம். வாசம் ஒட்டிக்கும், போகச் சொல்லிரலாம்."

அவரு காதுல உழுந்துருச்சு. ஆட்டுன கைய எறக்குனாரு. பெத்த மகனைப் பாத்து, "சரிங்க சார், நான் வாரேனுங்க"ன்னாரு. அந்த வாரமே மாரடைப்பு.

எனக்கு இதச் சொல்றப்பவே ஒரு மாதிரி இருக்குதுங்க.

அந்தக் கோடு வந்த ராத்திரிக்குப் பொறவு தெனமும் அதே கோடு. மிஷினைக் கழட்டிக் கழுவுனான். ராவெல்லாம் சூடேத்துனான். போகல. ஆனா ஒண்ணு... நந்திதா மேடம் வந்து நின்னா கோடு இருக்காது. ஆளுங்க யாராச்சும் கதவைத் தொறந்தாப் போதும், திரை தரையாக் கெடக்கும். அவங்க போனதும் மெல்ல எந்திரிக்கும்.

மேடம் பதிவைப் பாத்துப்போட்டுக் கேட்டாங்க. "தனியா இருக்கறப்ப மட்டும் எப்படிங்க வருது? நீங்கதான பூசிக்கிட்டு வர்றீங்க? மறுக்கா வந்துச்சுன்னா உங்களை இந்த மிஷின்ல உடமாட்டேன்." அவனுக்கு அந்த மிஷின்தானுங்க எல்லாமே. அதுக்காகத்தான அத்தாவையே இல்லைன்னான்.

ஊட்டுக்கு வந்து அவங்கம்மா பக்ருன்னிசாகிட்டச் சொன்னான். கேட்டுல நடந்ததையும் சொன்னான்.

"வாசம் ஆகாதுன்னு தெரியும் கண்ணு அவருக்கு. ரெண்டு நாளாக் கடைப் பக்கமே போகாம, சீயக்காய் போட்டுத் தேச்சுத் தேச்சுக் குளிச்சுப்போட்டு வந்தாரு. நீ பள்ளிக்கூடம் படிக்கறப்பவே அப்படித்தான். கூட்டாளிங்க இருந்தா உனக்குக் கூச்சமா இருக்கும்னு தள்ளியே நிப்பாரு. எல்லாரும் போன பொறவுதான் கிட்ட வருவாரு."

எல்லாரும் போன பொறவுதான்... கேட்டுதுங்களா?

பேயின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அஃப்தாப்புக்கும் பயமில்லைங்க. வெக்கம். ராவெல்லாம் சுவத்தைப் பாத்தே உக்காந்திருந்தானாம்.

மக்யா நாளு காலைல, கோடு எதனாலன்னு தெரியற வரைக்கும் மிஷினை மூடப்போறோம்னு எல்லாரையும் கூப்பிட்டாங்க. நந்திதா மேடம் லேசரை அமத்திச் சாவியை எடுத்துப்போட்டாங்க. பம்பு மட்டும் ஓடுது. திரை தரையாக் கெடக்குது. அஃப்தாப் முன்னால வந்து நின்னான்.

"மேடம், அன்னைக்குக் கேட்டுல நின்னவரு அத்தர் விக்கறவருதான். ஆனா அவரு எங்கத்தாங்க. உங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டுப் போகச் சொல்லிப்போட்டேன்."

அவன் கதவுப் பக்கம் திரும்புனான்.

"எல்லாரும் இருக்காங்கத்தா. பரவால்ல... உள்ள வாங்க."

டொக்கு... டொக்கு...

கோடு எந்திரிச்சுதுங்க. எரநூத்தி இருவது. அத்தனை பேரு கண்ணு முன்னால, திரையோட உச்சி வரைக்கும்.

லேசர் சாவி இன்னும் நந்திதா மேடம் கையிலதான் இருந்துச்சு.