ஏழும் இரண்டும்

எங்கள் வரிசை வீடுகளில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். வம்புக்காரி என்று என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவள் கோடி வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவி, அதுவும் தெரியும். பரவாயில்லை. விசாரணை என்று வந்து உட்கார்ந்திருக்கும் நீங்களும் அடுத்த வீட்டு விஷயத்தைத்தான் கிளறுகிறீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால் சுற்றி வளைக்க வேண்டாம்.

காகித ஆலையில் கூழ்த் தொட்டி என்று ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை எந்திரங்கள் நின்றதும் ஒருவர் ஏணி வைத்து உள்ளே இறங்கி, அடியில் தங்கியதை வழித்தெடுக்க வேண்டும். பழுது பார்க்கும் ஆட்கள் ஆறு பேர். அவர்களில் யார் இறங்குவது என்பதில் ஃபோர்மேன் தலையிடமாட்டார். "உங்களுக்குள்ள பேசி வச்சுக்கங்க. எனக்குத் தொட்டி சுத்தமா இருந்தா சரி" என்பார். முகமூடி கேட்டதற்கு மூக்கில் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்ன மகராசன்.

அந்த ஆறு பேரில் என் தம்பியும் ஒருவன். எதிர்வீட்டு வெல்டரும் ஒருவர்.

பேசி வைத்ததெல்லாம் கைகலப்பில் முடிந்ததால், கைப்பேசியில் போக்கர் கற்றுக்கொண்டு வந்த என் தம்பி ஒரு யோசனை சொன்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆலைக் குடியிருப்பின் பொது அறையில், வலை அறுந்த டேபிள் டென்னிஸ் மேஜையில் ஆட்டம். காசு கிடையாது. ஆளுக்கு ஒரு குவளை நிறைய இரும்பு வாஷர். யார் குவளை முதலில் காலியாகிறதோ, அவர் மறுநாள் தொட்டிக்குள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு வாஷர் நடுவில் போட்டாக வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு வரும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையில் வந்தது பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிடலாம், பிடித்தால் மேலும் வாஷர் போட்டு நிற்கலாம். கடைசிவரை நின்றவர்களில் யார் சீட்டு உசத்தியோ, நடுவில் கிடக்கும் வாஷரெல்லாம் அவருக்கு. சீட்டைக் கலைத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். வாய் நீளமென்றாலும் கை சுத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றுவரை ஒரு சீட்டைக்கூட நான் ஏமாற்றிப் போட்டதில்லை. உங்களுக்கு எழுத ஏதாவது வேண்டுமென்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே உட்கார்ந்து பார்க்கிறவளுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் விளங்கும். இந்த ஆட்டத்தில் ஜெயிக்கவே வேண்டியதில்லை. முதலில் காலியாகாமல் இருந்தால் போதும். மற்றவர்கள் எல்லாம் குவளையை நிரப்ப ஆசைப்பட்டார்கள். வெல்டருக்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது. மட்டமான சீட்டு வந்தால் முகம் சுளிக்காமல் கவிழ்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அதுவரை அவர் ஒரு தடவைகூடத் தொட்டியில் இறங்கியதில்லை.

தம்பிக்கோ கவிழ்ப்பது மானப் பிரச்சினை. அவனே திரும்பத் திரும்ப இறங்கினான். அழுகிய முட்டை வாடையோடு வீட்டுக்கு வருவான். சட்டையைத் துவைப்பவள் நான். ஒரு சனிக்கிழமை பாதி ஏணியில் மயங்கிவிட்டான். கயிற்றைக் கட்டி இழுத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். வெல்டர் மனைவி அன்றுதான் ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்க தம்பிக்குச் சீட்டும் பிடிக்கத் தெரியல, மூச்சும் பிடிக்கத் தெரியல போலிருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

தம்பிக்குப் புத்தி சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். "நீ கலைக்கிற வேலையைப் பாருக்கா" என்றான். அவனைத் திருத்துவது என்னால் ஆகாத காரியம். ஒழுங்காக இருக்கிறவரைக் கெடுப்பது சுலபம்.

குழாயடியில் வெல்டரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏழும் ரெண்டும் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கவிழ்ப்பேன். அதைவிடக் குப்பை ஏதுக்கா?"

"அந்தக் குப்பை மூணுல ஒரு தரம் ஜெயிக்கும். போன்ல போக்கர் கணக்குப் போடுற ஆப் இருக்கு, தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தார். மூன்றில் ஒன்றுக்குத் துளி அதிகமாகவே வந்தது. நான் பொய் சொல்லவில்லை.

"எல்லாரும் போட்ட வாஷர் நடுவுல சும்மா கிடக்குது. மூணுல ஒரு தரம் ஜெயிக்கிற கையை ஏன் வீணாக்கறீங்க? கவிழ்த்துக் கவிழ்த்தே ஒருநாள் காலியாகப் போறீங்க."

"அதுவும் சரிதான்க்கா" என்றார்.

எதிரில் ஒரே ஆள், அவர் கையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால்தான் அந்த மூன்றில் ஒன்று. ஆறு பேர் மேஜையில், வாஷரை அள்ளிப் போட்டுவிட்டு நிற்கிறவர் கையில் குப்பையா இருக்கும்? அவரிடம் ராஜா ஜோடி இருந்தால், ஏழும் இரண்டும் எட்டில் ஒரு தரம் ஜெயிப்பதே இழுபறி. மற்ற ஐந்து பேரும் கடைசிவரை நின்றால் ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுக் கணக்கையும் சொல்லாதது குற்றமென்றால் முதலில் ஃபோர்மேனைக் கூப்பிடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையே அவருக்கு ஏழும் இரண்டும் போனது. கவிழ்க்கவில்லை. நடுவில் இன்னும் இரண்டு ஏழு விழுந்து, எல்லா வாஷரையும் வாரிக்கொண்டார். "யோவ், இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் முழிச்சுக்கிட்டிருந்தே?" என்று கூட ஆடிய பம்ப் மெக்கானிக் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வெல்டர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். குப்பைக் கையோடு தோற்றிருந்தால் அன்றே திருந்தியிருப்பார். ஜெயித்துவிட்டார். அதற்குமேல் நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர்தான் இறங்கினார். "மூணுல ஒண்ணுன்னா மத்த ரெண்டும் வரத்தானே செய்யும்" என்று ஒவ்வொரு தடவையும் தேற்றினேன். தம்பி சனிக்கிழமைகளில் மத்தியானம்வரை தூங்கினான். முட்டை வாடை எதிர்வீட்டுக் கொடிக்கு மாறியது. அந்தப் புதுத் திரை நாள் முழுக்க மூடியே கிடந்தது.

ஒருநாள் அவர் மனைவி என் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. கண்டதையும் வச்சு ஆடறாரு. ராத்திரியெல்லாம் இருமல். நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். போன சனிக்கிழமை இறங்கினார். கயிறு இரண்டு தடவை ஆடியதாம். மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை, மூக்குக்கண்ணாடி மட்டும் கழன்றிருக்கவில்லை என்றார்கள்.

தொட்டிக்குள் இருக்கும் காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் அந்தக் கணக்கைச் சொன்னேன். ஆறு பேரில் யாரோ ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். என் தம்பியாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கூடப் பிறந்தவர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். இதற்காக நான் தலைகுனியப் போவதில்லை.

கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அன்று மேஜையில் ஐந்து பேர். தம்பி அதற்கு முந்தைய வாரமே பேக்கிங் பிரிவுக்கு மாறிப் போய்விட்டான். அங்கே இருப்பவர்களுக்குத் தொட்டி வேலை கிடையாது. நான் வழக்கம்போலக் கலைத்துக்கொண்டிருந்தேன். வெல்டர் என் பக்கம் குனிந்து, "அக்கா, உடம்புக்கு முடியல. இன்னிக்கு மட்டும் பழையபடி கவிழ்த்தே ஆடட்டுமா?" என்று கேட்டார்.

"கணக்கு அதேதான், தைரியமா ஆடுங்க" என்றேன். அதையும் தம்பிக்காகத்தான் சொன்னேன்.