லோடு பார்க்காமல் வாங்கிய கார்டு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒருவர் புது அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த நண்பரிடம் பேருந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“எம் பொண்ணு என்னப் பாத்து, ‘உனக்கு அறிவு கீதா நைனா’ன்னு கேட்டுச்சி மச்சான்.”

சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“அதுக்கா இளிக்கற? இன்னா ஆச்சு?”

“வீடியோ எடிட்டிங் படிக்குதில்ல, கம்ப்யூட்டருக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டா வாங்கியாந்து மாட்டினேன். வேலைய ஆரம்பிச்சா பட்டுனு ஆஃப் ஆவுது. கார்டு டுபாக்கூர்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குக் கெளம்பிட்டேன். ‘இரு நைனா, கார்டு நல்லாத்தான் கீது. உள்ள கீற பவர் சப்ளை நானூறு வாட்டு. கார்டு மட்டுமே முந்நூறு இழுக்கும். மிச்சதுக்கெல்லாம் எங்க போவ? எழுநூத்தம்பது வாட்டு சப்ளை வாங்கியா’ன்னு சொல்லிச்சி.”

“நீ திருவிழாவுக்கு சீரியல் செட் போடறவனாச்சே! கரண்டு லோடு எவ்ளோன்னு கூட்டிப் பாக்காம ஜெனரேட்டர் எறக்க மாட்டியே?”

“அதையேதான் அதுவும் கேட்டுச்சி. ‘ஊர்த் தேருக்கு ஒவ்வொரு பல்பா எண்ணி லோடு பாக்கற, நம்ம வூட்டுக்குப் பாக்க மாட்டியா’ன்னு.”

“நீ இன்னா சொன்ன?”

அவர் மடியிலிருந்த பெட்டியைத் தட்டினார்.

“தோ, எழுநூத்தம்பது வாட்டு சப்ளைய வாங்கிக்கினு போறேன். இருபது வருஷமா என் லோடுல எவனும் ஒரு தப்பு புட்சதில்ல மச்சான். புட்சவ எம் பொண்ணு.”