ஊத்துக்கரட்டு வடக்குச் சொவரு

உக்காருங்க சார், எந்திரிக்காதீங்க. அந்தக் கல்லு மேலயே நல்லாச் சாஞ்சு உக்காருங்க, வழுக்காது. அஞ்சு மணிக்குத் தாசில்தாரு ஜீப்பு வருதுன்னீங்கல்ல, இன்னும் முக்கா மணி நேரங் கெடக்குது. அதுக்குள்ள தெக்கு வாசலப் பாத்து என்னங்க பண்ணப்போறீங்க? அங்க நாலு கல்லுதான் கெடக்குது. ஊத்துக்கரட்டுக் கோட்டைன்னா இந்த வடக்குச் சொவருதானுங்க.

பேருங்களா? நஞ்சுண்டனுங்க. ஆமாங்க, கீழ தெரியுதே, அந்தக் குவாரியிலதான் பதினாறு வருசமா சோறு திங்கறேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது. எங்க மொதலாளிக்கு இந்தச் சொவத்து மேலதான் கண்ணு. இது நின்னா தொல்லியல்காரரு நீங்க கோட்டைன்னு எழுதிப்போடுவீங்க, குவாரியச் சாத்தோணும். இது இல்லீன்னா வெறுங்கரடுதானே. கோட்டை மேல எனக்கொண்ணும் பெரிய ஆசையில்லீங்க. கல்லு ஒடைக்கறவனுக்கு எந்தக் கல்லா இருந்தா என்ன. பின்னால நிக்கற தண்ணி நவுராம இருக்கோணும், எனக்கு அவ்வளவுதான்.

திரும்பிப் பாருங்க. தொண்ணுத்திமூணு மழைக்கு அப்பறம் இந்த ஐப்பசிலதான் சுனை வாய்மட்டத்துக்கு ரொம்பியிருக்குது. மூணு ஆளு ஆழமுங்க. அதுக்குக் கரையே இந்தச் சொவருதான். இப்ப இந்தப் பக்கம் பாருங்க, உக்காந்துட்டே பாருங்க. நேர் கீழ முப்பத்திரண்டு ஊடு. சிமிட்டி அட்டை போட்டது எங்க ஊடு. என்ற மக பத்மாவதி பெரசவத்துக்கு வந்து அங்கதான் படுத்திருக்கறா, புள்ளை பொறந்து ஒம்பது நாளாச்சு. சொவரு போனாத் தண்ணி எங்க போகும்னு ஒண்ணாப்புப் படிக்கற புள்ளைக்குக்கூடத் தெரியும். மொதலாளி என்ன சொல்றாரு, ஓடையில போயிரும்டாங்கறாரு. அந்த ஓடையக் கல்லுக் கழிவு கொட்டி மூடுனதே அவருதான். ஊட்டை உட்டுப் போங்கன்னு சனத்துக்கிட்டச் சொன்னா எவனும் நம்பறதில்லை. பச்சப்புள்ளையத் தூக்கிட்டு நான் எங்கப்பா போறதுங்கறா எம்பொண்ணு.

வேண்டாமுங்க சார், சிகரெட்டுப் பத்த வெக்காதீங்க. கன்னிமாரு இருக்கற எடம், பொகை ஆகாதுங்க. கோவிச்சுக்காதீங்க, பாக்கெட்டுலயே வெச்சுக்குங்க.

எங்கப்பன் சொன்னதச் சொல்றேன், நெசமா பொய்யான்னு நீங்க பாத்துக்குங்க. மேக்க கணவா வழியா ஒரு படை வந்துச்சாம். கோட்டைக்காரரு கதவச் சாத்திப்போட்டாரு. ஒம்பது மாசம். மேல தானியந் தீந்து, புளியங்கொட்டைய வறுத்துத் தின்னாங்களாம். தண்ணிக்கு மட்டும் பஞ்சமில்லை. கீழ படை கூடாரம் போட்டு உக்காந்துக்கிச்சு. எங்கீங்கறீங்க? இப்ப எங்க ஊடுக இருக்குதே, அதே பள்ளம். ஒரு நாளு விடியறப்ப இந்த வடக்குச் சொவத்த ஒடைக்கச் சொல்லிப்போட்டாரு கோட்டைக்காரரு. பத்து நிமிசங்கூட ஆகலீங்களாம், ஆனை, குதிரை, ஆளு, அம்பு எல்லாம் போச்சு. ஆனா அந்தப் படைக்கு மாவாட்டறதுக்கு எங்கூருப் பொம்பளைங்க ஏழு பேரப் புடிச்சுட்டுப் போயிருந்தாங்க. அது கோட்டைக்காரருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒடைச்சாரு. அந்த ஏழு பேருதானுங்க சுனையோரம் கன்னிமாரா நிக்கறாங்க. வருசந்தவறாமப் பொங்க வெக்கறோம். கோட்டைக்காரரு பேருங்களா? எங்கூருல யாரும் அந்தப் பேரச் சொல்றதில்லீங்க. சொல்லாமச் சொல்லாம மறந்தே போச்சு.

வெறுங்கதைங்கறீங்களா. அப்பச் சொவத்தப் பாருங்க. அந்த வேப்பஞ்செடி வரைக்கும் பழைய கல்லு, ஆப்படிச்சுப் பொளந்தது, குழித்தடம் வரிசையா இருக்குது. இங்கிருந்து கல்லு சின்னதாயிருச்சு, கட்டுமானமே வேற. ஒடைஞ்சாத்தானே ஒட்டுப் போடுவாங்க? இதை எழுதிக்குங்க. நெம்ப நல்லா எழுதிக்குங்க.

எதுங்க? அதுங்களா... அதுவும் ஆப்புக்குழிதான். வெள்ளையா இருக்குதா? மழை கழுவியிருக்கும். வெரல உள்ள உடாதீங்க, தேளு கெடக்கும். சார், சொன்னாக் கேளுங்க, கைய எடுங்க.

கீழ கத்தறதுங்களா? மேஸ்திரி பாலுசாமிங்க, துண்ட ஆட்டறான். உங்களத்தான் எறங்கி வரச் சொல்றான். குடிக்கக் கலரு வாங்கி வெச்சிருப்பான், கோழிகூட அடிச்சிருப்பான். போகாதீங்க சார். உங்க கால்ல வேணா உழறேன்.

சரிங்க. கண்டுபுடிச்சுப்போட்டீங்க, சொல்லீர்றேன். அது ஆப்புக்குழி இல்லீங்க, நேத்து மிசின் வெச்சுப் போட்டது. நீங்க உக்காந்திருக்கற கல்லுக்கடியில பதினோரு குழி. காலைல வெடிமருந்து கட்டுனது நாந்தானுங்க, என்ற வேலையே அதுதான். நான் கட்டுனாக் கொறைச்சலாக் கட்டலாம்னு பாத்தேன், மொதலாளி பக்கத்துலயே நின்னுக்கிட்டாரு. வயரு பாலுசாமி கையில இருக்குது. ஐயோ, எந்திரிக்காதீங்க, நீங்க எந்திரிச்சாத்தான் ஆபத்து. மூணு மணி வாக்குல நான் ஒருத்தனே வந்து இதே கல்லு மேல உக்காந்து பாத்தனுங்க. நஞ்சுண்டா, அஞ்சு நிமிசந் தர்றேன், அப்பறம் அமுத்திப்போடுவேன்னான் பாலுசாமி. பதினாறு வருசம் ஒண்ணாச் சோறு தின்னவன். மூணாவது நிமிசம் எந்திரிச்சு ஓடிட்டனுங்க. மகளும் புள்ளையும் படுத்திருக்கறது தெரிஞ்சும் ஓடிட்டேன். பாதி எறங்கறதுக்குள்ள எதுக்க நீங்க ஏறி வர்றீங்க, கையில கவர்மெண்டுப் பையோட. அப்பவே சொல்லியிருந்தா மேல வந்திருப்பீங்களா? உங்களைய இழுத்தாந்து உக்கார வெச்சு ஒரு மணி நேரமாச்சு. உங்களுக்கு இன்னும் ஒருத்தனும் நிமிசம் எண்ணலீங்க, பாருங்க.