கண்டாக்கையா வீட்டு ரப்பர் மூடாக்கு

புல்லைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நோர்வூட்டுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்தவன் நான். தேயிலைக்கு இடையில் ஒரு புல் தலை நீட்டினால் பத்து நிரைக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். புல்லை விட்டுவிட்டுப் போன ஆளுக்கு அரைப் பேர்தான் போடுவேன், அதாவது பாதி நாள் சம்பளம். அதையும் காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லித்தான் போடுவேன். அப்போதுதான் மற்றவர்களுக்கும் புத்தி வரும்.

கஜேந்திரன் தம்பி, நீங்கள் கோயில் கமிட்டியின் செயலாளர். நான் சொல்வதை ஒன்று விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே "செருப்புத் திருட்டு" என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு "விளக்கம்" என்று போட்டால் பொருத்தமாக இருக்கும். தலைவர் என்ற முறையில் சொல்கிறேன். வேறு ஒருவரைத் தெரிவு செய்யும்வரை நான்தானே தலைவர்.

ஓய்வு பெற்ற பிறகு கோயிலுக்கு நேர் மேலே பன்னிரண்டு பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டினேன். வாசலில் நான்கு பூப்பாத்திகள் போட்டேன். ரோசாவும் டேலியாவும் வைத்தேன். பூ வருவதற்கு முன்னால் புல் வந்தது. பிடுங்கப் பிடுங்க வந்தது. என் மனைவி நாகலெட்சுமிக்கு முழங்கால் வலி. எனக்குக் குனிந்து பழக்கமில்லை, குனிய வைத்துத்தான் பழக்கம்.

ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டுப் போன பெண்கள் என் வேலியோரம் நின்றார்கள். அதில் வீரம்மாவும் இருந்தாள். என் காலத்தில் அதிக அரைப் பேர் வாங்கியவள் அவள்தான். பாத்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க கண்டாக்கையா, இந்த மலையில புல்லு மண்டிப்போயில்ல கெடக்கு. இதுக்கு யாருக்கு அரைப் பேரு போடுவீங்க?"

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தியும் சத்தம் கேட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருட மரியாதை ஒரு சாண் புல்லில் போய்விட்டதே என்று நெஞ்சு எரிந்தது. இதை நான் மறைக்கவில்லை.

அந்த வாரம்தான் கொழும்பில் இருக்கும் என் மகள் ஷாமிலா கைப்பேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். வெளிநாட்டில் வீட்டுத் தோட்டங்களுக்கு ரப்பரில் மூடாக்குப் போடுகிறார்களாம். பழைய டயரைத் துண்டு துண்டாக்கி, செடியைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பிவிடுகிறார்கள். வைக்கோலும் இலைச்சருகும் போல மக்காது. புல் தலை காட்டாது. பத்து வருடத்துக்கு அப்படியே இருக்குமாம். அதைப் பதினொரு தடவை பார்த்தேன். இப்படி ஒரு சாமான் என் உத்தியோக காலத்தில் இருந்திருந்தால் எத்தனை பேரை நான் ஏசாமல் இருந்திருப்பேன்.

ஹட்டனிலிருந்து ஒரு பழைய லொறி டயரைக் கொண்டுவந்து கவ்வாத்துக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன். தேயிலை மரத்தையே சீவுகிற கத்தி அது. அரை நாள் போராடியதில் வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு வந்தது. டயருக்குள் கம்பி இருக்கிறது என்பதை வீடியோவில் சொல்லவில்லை. கத்தியின் வாய் போய்விட்டது. களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் பழைய ரப்பர் செருப்பு கிடந்தது. சும்மா ஒரு வெட்டு வெட்டினேன். பூசணிக்காயில் இறங்குவது போல இறங்கியது.

உடனே நான் கோயிலுக்குப் போய்விட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. முதலில் என் வீட்டுச் செருப்புகளைத்தான் போட்டேன். நாகலெட்சுமி ஒரு வாரம் வெறுங்காலோடு பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுத்தாள். பாத்தியில் கிடந்த நீலத் துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நல்ல குடும்பப் பெண்.

ஒரு ஜோடியை நகம் அளவுக்கு நறுக்கினால் ஒரு ரோசாச் செடியின் கால் மூடும். எனக்கு நான்கு பாத்திகள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கோயில் வாசலில் எப்படியும் எண்பது ஜோடிச் செருப்புகள் கிடக்கும், கேட்பாரற்று.

இங்கே என் நேர்மையைக் கவனிக்க வேண்டும். நான் ஒருநாளும் ஜோடியாக எடுக்கவில்லை. ஜோடியாக எடுப்பது திருட்டு. ஒற்றையைத்தான் எடுப்பேன். ஒற்றைச் செருப்பை எடுத்து எந்தத் திருடன் மாட்டிக்கொண்டு போவான்? மீதி ஒற்றையை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் இரண்டு நாள் தேடுவார், மூன்றாம் நாள் குப்பையில் எறிவார். எறிந்ததை நான் பொறுக்கிக்கொள்வேன். எறிந்ததை எடுப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? பாதிக்குப் பாதி நான் எடுத்தது முற்றிலும் நியாயமான முறையில்தான். டவுனில் செருப்புக் கடை வைத்திருக்கும் மர்சூக் நானாவிடம் பாதிப் பேர் போய் ஒற்றைச் செருப்புத் தருவீர்களா என்று கேட்டார்களாம். அவரும் பாவம், எத்தனை பேருக்குத்தான் இல்லையென்று சொல்வார்.

எடுப்பது சிரமமில்லை. தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். தலைவர் என்பதால் நான் வாசலோரம் நிற்பேன். என் கையில் குடை இருக்கும். நம் ஊரில் குடை இல்லாத ஆம்பிளை ஏது? மடக்கிய குடைக்குள் நான்கு செருப்புகள் தாராளமாகப் பிடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை வெளியே வந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்க முடியுமா? கையில் தொங்கவிட்டபடியே நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். கண்டாக்கையா ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்களாம். நான் மறுக்கவில்லை.

ஆறாவது வாரம் கமிட்டியில் முறைப்பாடு வந்தது. ஒற்றை ஒற்றையாகக் காணாமல் போவதால் இது நாயின் வேலைதான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்.

கோயிலடியில் படுத்துக் கிடந்தது ஒரே ஒரு நாய், அம்மாக்கண்ணுவின் சுது. புருசனும் போய், பிள்ளைகளும் இல்லாமல், லயத்தில் தனியாக இருக்கிற கிழவி அவள். அந்த நாயோடுதான் பேசுவாள், அதோடுதான் சாப்பிடுவாள். கரிக்கட்டை நிற நாய்க்குச் சிங்களத்தில் வெள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாள். அதிலேயே அவளுடைய நிதானம் தெரியும்.

விசாரணைக்கு நான்தான் தலைமை தாங்கினேன். கோயில் மண்டபத்தில் அம்மாக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாய் அவள் காலடியில் தூங்கியது.

"கண்டாக்கையா, அதுக்குப் பல்லே கெடையாதுங்க. பதிமூணு வயசாகுது. ரொட்டியக்கூடத் தேத்தண்ணியில ஊறவச்சுத்தான் குடுக்குறேன். அது எப்புடிங்க செருப்பக் கடிக்கும்?"

சபையில் ஒரு சலசலப்பு. நீங்கள்கூட, தம்பி, எழுதுவதை நிறுத்திவிட்டு நாயின் வாயைப் பார்த்தீர்கள். நான் கொஞ்சமும் பதறவில்லை. பல் இருக்கிற நாய் எலும்பைத் தேடும், பல் இல்லாத நாய்தான் மெதுமெதுப்பான ரப்பரைத் தேடும் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரட்டில் முப்பத்தொரு வருடம் என் முன்னால் தலையாட்டியவர்கள் தானே, பழக்கம் விடுமா?

சிலர் நாயை அடித்துக் கொல்ல வேண்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அவ்வளவு கல் நெஞ்சு இல்லை. மரக்கறி லொறியில் ஏற்றி ஒரு தூர இடத்தில் விட்டுவிடலாம் என்றேன். சாக்குக்கூட என் வீட்டிலிருந்துதான் கொண்டுவந்திருந்தேன். றொசல்ல ஸ்டேஷனடியில் இறக்கிவிடும்படி லொறிக்காரனிடம் தனியாகச் சொன்னேன். அம்மாக்கண்ணுவிடம் வட்டகொடைப் பக்கம் என்று சொன்னேன். இடம் தெரிந்தால் கிழவி போய்க் கூட்டிவந்துவிடுவாள், தீர்ப்புக்கு மதிப்பில்லாமல் போகும்.

அன்றைக்குக் கடைசிப் பாத்தியில் ஒரு சாண் இடம் பாக்கி இருந்தது. லொறி கிளம்பியபோது அம்மாக்கண்ணு மண்டபத்திலிருந்து வெறுங்காலோடு இறங்கி அதன் பின்னால் ஓடினாள். வாசலில் கிடந்த தன் செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டியைச் சாக்கு ஊசியால் தைத்த பச்சைச் செருப்பு. அவளுக்கு வேண்டாத பொருள் என்று எனக்குப் பட்டது. அன்று மட்டும் இரண்டையும் எடுத்தேன்.

நாய் போனது, செருப்புக் காணாமல் போவதும் நின்றது. பாத்தி நிறைந்துவிட்டது என்பதுதான் காரணம். ஆனால் ஊரே என் தீர்ப்பைப் புகழ்ந்தது. கேட்கக் கேட்க ஒரு கட்டத்தில் எனக்கே அது சரியான தீர்ப்பாகத்தான் தெரிந்தது.

அம்மாக்கண்ணு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹட்டனுக்குப் போய், ரயில் ஏறி வட்டகொடையில் இறங்கி, லயம் லயமாகக் கேட்டுத் திரிந்தாள். ஏழு ஞாயிறு. போகும்போது என் வேலியைக் கடந்துதான் போவாள். "இன்னைக்காச்சும் கெடைக்குமாங்க ஐயா?" என்று கேட்பாள். தேடுங்கள், கிடைக்கும் என்பேன். நடந்தால் துக்கம் ஆறும் என்று சொல்வார்கள்.

என் பாத்தியில் ஒரு புல் இல்லை. வெயில் அடித்தால் கொஞ்சம் நாறும், அவ்வளவுதான். ரோசா கருகிவிட்டது, டேலியாவும் சரியில்லை. ஆனால் பூ இல்லாததால் பாத்தியின் சுத்தம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. வீரம்மா நின்று பார்த்தாள்.

"கொழும்புச் சாமானுங்களா ஐயா?"

"கொழும்புதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் பெய்த மழை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். டயர் ரப்பர் தண்ணீரில் அமிழும். செருப்பு ரப்பர் மிதக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் வாசலில் தண்ணீர் வடிய நான் வெட்டிய கான் சாதாரணக் கான் அல்ல, கண்டாக்கு வெட்டிய கான். அளவான அகலம், அளவான வாட்டம், ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. அது நான்கு பாத்தியையும் வழித்துக்கொண்டு நேரே கோயில் வாசலில் கொண்டுபோய்க் கொட்டியது. அதுவும் வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம் பார்த்து.

சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் செருப்புத் துண்டுகள் படியெல்லாம் மிதந்து வந்தன. முதலில் பூ என்று நினைத்தார்களாம். பிறகு வீரம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அடியே, இது என் செருப்புடி" என்றாள். பிறகு ஆளுக்கு ஆள் குனிந்து பொறுக்கினார்கள். கானைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி என் வாசலுக்கு வந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பாத்தியருகே நின்றேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அம்மாக்கண்ணு வந்தாள். அவள் கையில் ஒரு பச்சைத் துண்டு, அதில் சாக்கு நூல். அதைப் பாத்தி ஓரத்தில் வைத்தாள்.

"செருப்புக் கெடக்கட்டும்ங்க. என் சுதுவ எங்க விட்டீங்க? அத மட்டும் சொல்லிப்புடுங்க."

றொசல்ல என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே அவளை அழைத்துக்கொண்டு போனேன். கமிட்டி சொல்லித்தான் போனேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன், ஒரு வாரம் கழித்தாவது. ரயிலில் அவள் எதிரில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஹட்டனுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் றொசல்ல. இறங்கும்போது, "இவ்வளவு கிட்டவா?" என்று மட்டும் கேட்டாள்.

நாய் மேடையில் ஆட்கள் உட்காரும் ஒரு வாங்குக்குக் கீழே படுத்திருந்தது. மெலிந்துவிட்டது, ஒரு காதில் புண். அவள் கூப்பிடவே இல்லை. அதுவாக எழுந்து, நொண்டிக்கொண்டு வந்து, அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்தது. அவள் அப்படியே மேடையில் உட்கார்ந்து அழுதாள். ரயில் போன பிறகும் அழுதாள்.

ஆகவே செருப்புகளை எடுத்தவன் நான். நாயைக் குற்றவாளியாக்கி அனுப்பியவனும் நான். கிழவியை வட்டகொடையில் அலையவிட்டவனும் நான்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் என் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குச் சாட்சியும் உண்டு. அழுது முடிந்த பிறகு சுது என்னிடம் வந்து, என் காலை முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டியது. "அது பாவம், எல்லாருக்கும் ஆட்டும்ங்க" என்றாள் அம்மாக்கண்ணு. வயதானவள், ஏதோ சொல்கிறாள். வாயில்லாச் சீவன் பொய் சொல்லுமா, தம்பி?