அடுத்த ஆட்டோவுல போலாம்

வடிவு: இதுல வேணாம் மேடம். அடுத்த ஆட்டோவுல போலாம்.

அனு: காலியாத்தானேக்கா இருந்துச்சு?

வடிவு: அந்த டிரைவரு எங்க தெருக்காரன். சைக்காலஜிஸ்ட் மேடத்தோட ஐயம்பேட்டைக்கு எதுக்குப் போறேன்னு நோண்டி நோண்டி கேப்பான்.

அனு: சரி, அந்தப் பையக் குடுங்க. நான் கொஞ்சம் புடிக்கிறேன். தோளே சாஞ்சிபோச்சு உங்களுக்கு.

வடிவு: ஐயோ, வேணாம் மேடம்!

அனு: என்னக்கா, உள்ள தங்கமா இருக்கு?

வடிவு: கவர்மெண்டு தங்கம். பிரஷர் மிஷினு, வீட்டு வீட்டுக்குக் குடுக்கற சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை... நீங்க எழுதற மாத்திரைதான் இதுல இல்ல.

அனு: நான் மாத்திரை எழுதமாட்டேன்க்கா. அதுக்கு டாக்டர் இருக்காரு. நான் பேசத்தான் செய்வேன்.

வடிவு: பேசறதுக்கா சம்பளம்? எங்க தெருக் குழாயடியில ஓசிக்கே நடக்குது!

அனு: சிரிக்காதீங்க. ஐயம்பேட்டையில ஒரு மஹாலட்சுமி தறிய விட்டு எழுந்துக்கறதே இல்லன்னு நேத்து நீங்க போன்ல சொன்னதுலேர்ந்து எனக்குப் பதட்டமாவே இருக்கு, அவசரமாப் பாக்கணும். நாம வர்றது மஹாலட்சுமிக்குத் தெரியும்தானே?

வடிவு: தெரியும், தெரியும்... அவகிட்ட மொதல்ல என்ன கேப்பீங்க மேடம்?

அனு: தூக்கம் வருதான்னு.

வடிவு: வராது. தீபாவளிலேர்ந்தே இல்ல.

அனு: சாப்பாடு?

வடிவு: ஆக்குவா. எல்லாருக்கும் போடுவா. இவளுக்குத்தான் எறங்காது.

அனு: வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்களா?

வடிவு: ஒரே தறியில பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கினு இருக்காங்க. இழை அறுந்தா உடனே என்னாச்சுன்னு கேக்கறாரு. இவள ஒரு வார்த்தை கேக்கறதில்ல.

ஆட்டோக்காரர்: ஐயம்பேட்டை, ஐயம்பேட்டை! ஏறுங்கம்மா, ரெண்டு சீட்டு இருக்குது!

வடிவு: ...ரொம்ப நெருக்கடியா இருக்குது மேடம்.

அனு: ம்... நீங்க போங்கண்ணா. நாங்க அப்புறம் வர்றோம்.

வடிவு: தூக்கம் கேட்டீங்க, சாப்பாடு கேட்டீங்க. அப்புறம்?

அனு: சாகணும்னு தோணுதான்னு கேப்பேன்.

வடிவு: மேடம்! வெள்ளிக்கெழமையும் அதுவுமா... கோபுரத்துக்கு எதுக்கால நின்னுக்கினு வாய்ல வர்ற வார்த்தையா அது!

அனு: கேக்கத்தான்க்கா வேணும்.

வடிவு: கேட்டா இல்லாத நெனப்பு வந்துடாதா?

அனு: வராது. இருக்கற நெனப்ப எறக்கி வெக்க ஒரு ஆளு கெடைக்கும்.

வடிவு: தோணுதுன்னு... சொல்லிட்டா?

அனு: திட்டமாட்டேன். புத்தி சொல்லமாட்டேன். பக்கத்துலயே இருப்பேன். கைக்கெட்டற மாதிரி எதையாவது வெச்சிருக்காங்களான்னு கேப்பேன், இருந்தா வாங்கி வெச்சிப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா சேந்து டாக்டரப் பாப்போம்.

வடிவு: ஊரு சிரிக்காதா மேடம்? வீடு வீடா ஏறி எறங்கி எல்லாருக்கும் தைரியம் சொல்றவ, அவளுக்கே கிறுக்குப் புடிச்சிடுச்சுன்னு...

அனு: யாருக்குக்கா?

வடிவு: வெயிலு ஏறிடுச்சு, இல்ல?

அனு: வீடு வீடாவா? மஹாலட்சுமி தறிய விட்டு எழுந்துக்கறதே இல்லன்னீங்களே.

வடிவு: அது... காலையில மட்டும்... சும்மா...

ஆட்டோக்காரர்: ஐயம்பேட்டை! ஐயம்பேட்டை! காலியா இருக்குதும்மா, வாங்க!

வடிவு: ஏ... ஏறலாம் மேடம். வாங்க.

அனு: வேணாம்க்கா. அடுத்த ஆட்டோவுல போலாம்.

வடிவு: ஏன் மேடம்? இப்பத்தான் அவசரம்னீங்க...

அனு: அவசரம்தான். இங்க கொஞ்சம் நிழல்ல வாங்க. என்னப் பாருங்க.

வடிவு: என்னா மேடம், என்னப் போயி...

அனு: உங்களத்தான் கேக்கறேன் வடிவுக்கா. சாகணும்னு தோணுதா?

வடிவு: அதோ, அடுத்த ஆட்டோ வருது மேடம்...

அனு: எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் எங்கயும் போகமாட்டேன்.

வடிவு: ...தோணுது மேடம். ஐயம்பேட்டையில மஹாலட்சுமின்னு யாரும் இல்ல. இந்தாங்க... இந்தப் பைய நீங்களே புடிங்க. இன்னிக்கும் இத வீட்டுக்கு எடுத்துக்கினு போவ எனக்குப் பயமா இருக்குது.