மேற்கணக்கை நான் காலி செய்த விதம்

2021 மார்ச் மாதம், லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் கொழுந்து பறிப்பது நிறுத்தப்பட்டது.

அறிவித்தவர் தோட்டத்தை நடத்தும் துரை. நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயர் சுதாகரன். அங்கே கண்டாக்கு, மலையில் ஆட்களிடம் வேலை வாங்குகிறவன். பிறந்ததும் அதே மேற்கணக்கில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில்தான்.

கொழுந்து அரைக்கும் ஸ்டோரைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றார்கள். மாரியம்மனைக் கீழ்க்கணக்குக்குத் தூக்கிப் போனார்கள். தேயிலை மரமாக வளர்ந்தது; இடையில் பன்றி வந்தது. ஆட்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். அழகன், மனைவி பூரணி, மகள் லோஜினி மட்டும் போகவில்லை. வீடு கட்டக் காணி தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அது கிடைத்த பிறகுதான் லயத்தில் தங்கள் ஓரறை வீடான காம்பராவின் சாவியைத் தருவார்களாம். காணி வராது என்று எனக்குத் தெரியும். துரைக்கு அங்கே விடுதி கட்ட இடம் காலியாக வேண்டும்.

நான் தன்மையாகத்தான் பேசினேன். நம் அப்பன் பாட்டனை அடைத்துவைத்த பெட்டிக்கு ஏன் காவல் கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். பூரணி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க பொறந்த காம்பராவும் சும்மாதான் கெடக்கு, கண்டாக்கய்யா. குவார்ட்டஸ்ல எடம் பத்தலன்னா வாங்க, கூட்டி வைக்கிறேன்."

அழகன் சிரித்தான். லோஜினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்யவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியிருக்கும். மழைத் தண்ணீர் அதில் விழுந்து ஓடைக்குப் போகும். மழைக்கு முன் மண் அள்ளிவிட வேண்டும். வேலை நின்ற பிறகும், லயத்துக்கு மேலே இருந்த கானை அழகன் தானாகவே அள்ளிவந்தான். கம்பனி நிலத்தில் கால் வைத்தால் பொலிசுக்குச் சொல்வேன் என்று தடுத்தேன். பிறகு கான் ஓடையில் சேரும் இடத்தைக் கல்லும் தேயிலைக் கிளையும் போட்டு அடைத்தேன். வாசலில் சேறு வந்தால் இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மலை கனக்கும் என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். புது ஆட்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

போன ஜூனில் மழை பிடித்தது. அழகன் தலவாக்கலையில் மூட்டை தூக்கப் போயிருந்தான். மத்தியானம் பூரணி எனக்குப் போன் செய்தாள். குரலில் கிண்டல் இல்லை.

"அய்யா, பின்சுவரு வெடிச்சிருக்கு. கீழ புள்ளக் காம்பராவத் தொறந்து விடுங்க. மழ விட்டதும் திரும்பிர்றோம்."

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடுகிற கட்டடம் அது. மூடிக் கிடந்தது. திறக்க வேண்டியவன் நான்.

"திரும்புறதா இருந்தா தொறக்க மாட்டேன். காம்பரா சாவியக் குடுத்துட்டு எறங்கு."



"புள்ளைய வச்சுக்கிட்டு கேக்கிறேன்ய்யா."

"நானும் அந்தப் புள்ளைக்காகத்தான் சொல்றேன்."

"அப்ப இங்கயே இருந்துக்கிறோம்" என்றாள்.

அது அவள் எடுத்த முடிவு. பின்னேரம் மலை இறங்கியது. கீழ்க்கணக்கு ஆட்கள் மண்வெட்டியோடு லயத்துக்கு ஓடினார்கள். நான் ஓடைக்கரைக்குப் போய்க் கல்லையும் கிளையையும் எடுத்துப் போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அழகன் முறைப்பாடு கொடுத்து நீங்கள் விசாரிக்க வந்த பிறகுதான், யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

எனக்கு இன்றைக்கும் கோபம் அவர்கள் மேல்தான். சொன்னபோதே இறங்கியிருந்தால் உயிரோடு இருப்பார்கள். அவர்களைக் காப்பாற்ற அந்தத் தோட்டத்தில் வேறு யார் அவ்வளவு பாடுபட்டார்கள்?

மறுநாள் பூரணியையும் லோஜினியையும் ஒன்றாகத் தோண்டி எடுத்தார்கள். அந்த வாரமே, மேற்கணக்கு காலியாகிவிட்டது என்று துரைக்கு அறிவித்தேன்.